பல் எடுக்கும் முன்னும் பின்னும்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சொத்தையான கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். சர்க்கரை நோயும் உண்டு. இரத்தம் நிற்காமல் போய்விடும் என்று பயந்து, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்கிறார். எடுக்கும்போது வலிக்குமா? பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் எடுத்த இடத்தில் வரும் இரத்தக் கசிவைப் பஞ்சை வைத்து அழுத்தியோ தையல் போட்டோ மருத்துவர் கட்டுப்படுத்திவிட முடியும். ஆனால் ஆஸ்பிரினை நிறுத்துவதால் இதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சேர்த்து, சீட்டோடு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வகை மருந்துகளில் சில, பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடியவை.

வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்ல வேண்டாம். காலை உணவையும் வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, முற்பகலிலேயே போவது நல்லது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அது கட்டுக்குள் வரும்வரை மருத்துவர் தள்ளிப்போடச் சொல்லலாம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், புண் ஆறுவதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்.

ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். சில நிமிடங்களில் அந்தப் பக்கத்து உதடும் நாக்கும் தடித்துப்போனது போல மரத்துவிடும். அதன்பிறகு மருத்துவர் பல்லை அசைத்துத் தளர்த்தும்போது அழுத்தமும் இழுப்பும் தெரியும், எலும்பில் பல் நெரிபடும் சத்தமும் கேட்கும், வலி தெரியக்கூடாது. தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும், மருந்தைக் கூடுதலாகச் செலுத்துவார்கள்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகி எலும்பை மூடிக்கொள்கிறது; புண் ஆறுவது அதன் அடியில்தான். எனவே வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதற்காகத் துப்பித் துப்பிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒவ்வொரு துப்பலும் அந்தக் கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால் எச்சிலை விழுங்கிவிடச் சொல்லுங்கள். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே. அன்று வாய் கொப்பளிப்பதும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும், சூடான காபியும் கூடாது; வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தால் புண் ஆறும்வரை தொடவே வேண்டாம். மரமரப்பு போனபின், தயிர் சாதத்தையோ ஆறிய கஞ்சியையோ மறுபக்கமாகச் சாப்பிடலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு, வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்திருந்து, வேகமாகக் கொப்பளிக்காமல் மெல்ல வெளியே விட வேண்டும். கிராம்பு, மஞ்சள் போன்றவற்றைக் குழியில் அடைக்காதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதால், கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வடியும். மாறாக, மூன்றாம் நான்காம் நாளில் வலி காதுவரை பரவி, வாயும் நாற்றமெடுத்தால், இரத்தக் கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வேதனை தணியும். புதுப் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ விழுங்குவதில் சிரமமோ வந்தாலோ, நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: போகாது. பார்வைக்கான நரம்பு வேறு, பற்களின் உணர்வுக்கான நரம்பு வேறு. பல் எடுத்த காலத்தில் உங்களுக்குப் பார்வை மங்கியிருந்தால், பல்லைக் காரணம் சொல்லிக் காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையோ சர்க்கரை நோயின் பாதிப்போ இருக்கலாம். சீழ் பிடித்த மேல் பல்லைப் பயத்தினால் எடுக்காமல் விட்டுவைப்பதில்தான் ஆபத்து. அந்தக் கிருமித் தொற்று, அரிதாகவேனும், முகத்தில் பரவிக் கண்ணைச் சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கக்கூடும்.