சாரல் காலத்தில் மடக்குக் கதவு உரசினால் இழைக்கலாமா?

புனலூர்ப் பக்கம் வீடு, பூஜை அறைக்கு நாலு மடிப்புக் கதவு போட்டிருக்கிறோம், மழை தொடங்கியதிலிருந்து மூடும்போது உரசுகிறது, ஒரு பக்கம் மேல் டிராக்கை விட்டுக் கழன்று வருகிறது, ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடலாமா அல்லது நாமே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து இப்போது இழைக்காதீர்கள். நீங்களே சரிசெய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், சின்ன ஸ்பேனர், ரசமட்டம், பென்சில், கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

நான் செங்கோட்டையில் இருக்கிறேன். உங்கள் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக மிச்சம் வருவதுதான் எங்கள் ஊர்ச் சாரல். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் துணி காயாது, உப்பு நீர்த்துப் போகும், கதவு மூடாது. எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கும் நாலு மடிப்புத் தேக்குக் கதவுதான். வீடு கட்டி முடித்த அடுத்த ஆடியில் உங்களுக்கு வந்த அதே தொல்லை வந்தது. வந்த தச்சர் நடுவில் சேரும் இரண்டு ஓரங்களையும் இழைப்புளியால் சீவிக் கொடுத்தார். அன்றைக்கு அருமையாக மூடியது. பங்குனி வெயிலில் பார்த்தால் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. பல்லி உள்ளே போய் விளக்கு எண்ணெயில் செத்துக் கிடந்தது. சீவிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஓரத்தில் ஒரு ரீப்பர் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்த ஒட்டு இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது.

அப்போது புனலூரில் இருந்து என் பெரியப்பா வந்திருந்தார். முப்பது வருடம் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். கதவைத் தொடுவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்: “ஏளா, உரசுனது பக்கத்திலயா, அடியிலயா?”

“ரெண்டுலயும்தான் பெரியப்பா.”

“பக்கத்தில உரசுனா மரம். அடியில உரசுனா மாட்டுன விதம். மரம் அகலத்துக்குத்தான் ஊதும், நீளத்துக்கு ஊதாது.”

மடக்குக் கதவைச் சரிசெய்ய நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் இந்தப் பேச்சுதான் அடிப்படை. மரத்தின் நார் ஓடுகிற திசையில் அது நீளுவதும் சுருங்குவதும் கண்ணுக்கே தெரியாத அளவுதான். நாருக்குக் குறுக்கேதான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். கதவின் இரு பக்கமும் நிற்கிற நெடுஞ்சட்டங்களில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதனால் மழைக்காலத்தில் கதவு அகலமாகும், உயரமாகாது. அடியில் தரையை உரசுகிறது என்றால் அதற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவு எங்கேயோ இறங்கியிருக்கிறது.

ஒற்றைக் கதவு ஒழுங்காக மூடிக்கொள்ளும்போது மடக்குக் கதவு மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு நெடுஞ்சட்டம். நாலு மடிப்பு என்றால் எட்டு. சட்டம் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் ஊதினால்கூட மொத்தத்தில் நாலு மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். நடுவில் இருக்கும் பலகை ஊதினால் தொந்தரவு இல்லை, அது சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், நகர்ந்துகொள்ளும்படிதான் நல்ல தச்சர்கள் விடுவார்கள். தள்ளுவது சட்டங்கள்தான். அந்த நாலு மில்லிமீட்டருக்கு நிலையில் இடம் விட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

சரி, உங்கள் கதவுக்கு வருவோம். மடக்குக் கதவு எதில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நிலையை ஒட்டிய மடிப்பின் அடியில் ஒரு இரும்பு முளை இருக்கும், தரையிலோ நிலைக்காலிலோ பதித்த, பல் பல்லாக வெட்டிய தகட்டில் அது உட்கார்ந்திருக்கும். அதே மடிப்பின் மேல் மூலையில் இன்னொரு முளை, டிராக்குக்குள் ஒரு சின்னப் பிடியில் நுழைந்திருக்கும். கடையில் பிவட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரியப்பா அதைக் குடுமி என்றுதான் சொல்வார். அது சரியான பெயர். பழைய கோயில் கதவுகளில் கீல் இருக்காது. கதவுமரத்தோடு சேர்ந்த குடுமி மேலும் கீழும் குழியில் உட்கார்ந்து சுழலும். மடக்குக் கதவில் இருப்பதும் அதே ஏற்பாடுதான், மரத்துக்குப் பதிலாக இரும்பு. இரண்டு மடிப்பையும் சேர்ப்பது கீல். நடுப்பக்கம் இருக்கிற மடிப்பின் தலையில் ஒரு உருளை, அது டிராக்கில் ஓடி வழி மட்டும் காட்டும். முழுப் பாரமும் கீழ்க் குடுமியில்தான்.

உங்களுக்கு உரசுவதும் கழல்வதும் இரண்டு தனி வியாதி என்று தோன்றுகிறது. பெரும்பாலும் ஒன்றுதான். கீழ்க் குடுமி தேய்ந்தோ, நட்டு தளர்ந்தோ, தகடு துருப்பிடித்து அசைந்தோ கதவு சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். கதவு இறங்கினால் மேல் குடுமியும் உருளையும் டிராக்கில் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் நடுவில் உரசுகிறதே என்று கையால் அழுத்தித் தள்ளினால் கழன்று கையோடு வரும். ஆகவே உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். பக்கம் அதற்கு அப்புறம், உருளை கடைசியில்.

தொடுவதற்கு முன் பென்சிலை எடுத்து, மேல் பிடி டிராக்கில் நிற்கும் இடத்தையும் கீழ்க் குடுமி தகட்டில் நிற்கும் பல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறிப்போனால் பழைய இடத்துக்குத் திரும்ப வர வேண்டும் அல்லவா. நான் ஒரு முறை குறிக்காமல் அசைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதிலேயே செலவழித்தேன்.

உயரம்: கதவைப் பாதி மடக்கி, அடியில் ஒரு மர ஆப்பை மெல்லச் செருகிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். பாரம் இருக்கும்போதே திருகினால் மரை கெட்டுவிடும். கீழ்க் குடுமியில் ஒரு நட்டு இருக்கும், அதைத் தளர்த்தி முளையைத் திருகுங்கள். முளை கதவைவிட்டு வெளியே வர வரக் கதவு உயரும், உள்ளே போகப் போக இறங்கும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆப்பை எடுத்து, மூடிப் பார்த்து, ரசமட்டத்தைக் கதவின் தலையில் வைத்துப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. நாலு மடிப்பில் இடது ஜோடியும் வலது ஜோடியும் ஒரே உயரத்துக்கு வந்ததும் நட்டை இறுக்குங்கள். சில பழைய வகைகளில் நட்டே இருக்காது. அப்படியிருந்தால் குடுமிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு வாஷர் போட்டால் போதும்.

பக்கம்: நிலைக்கும் முதல் மடிப்புக்கும் இடையே உள்ள சந்து எவ்வளவு என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்து நுழைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. மேலே அகலம், கீழே நெருக்கம் என்றால் டிராக்கில் இருக்கும் மேல் பிடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிடியை நிலைப் பக்கம் தள்ளி இறுக்குங்கள். கீழே அகலமாக இருந்தால் கதவைச் சற்றுத் தூக்கி, கீழ்க் குடுமியைத் தகட்டில் நிலைப் பக்கம் உள்ள அடுத்த பல்லுக்கு மாற்றுங்கள். இந்தச் சந்து இரண்டு பக்கமும் நேரானால் நடுவில் சேரும் இடம் பெரும்பாலும் தானாக நேராகிவிடும். நடுவைப் பார்த்துக்கொண்டே திருத்த ஆரம்பித்தால் முடிவே வராது.

நடுவில் இன்னும் இறுக்கமாக இருந்தால் அதுதான் மரம் ஊதியது. இரண்டு பக்கமும் மேல் பிடியையும் கீழ்க் குடுமியையும் நிலையை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் கிடைக்கும். சாரலைத் தாண்ட அநேகமாக அது போதும். பங்குனியில் திரும்ப நகர்த்திக்கொள்ளலாம். எங்கள் கதவின் உள்பக்கம் நடுச்சந்தின் அளவை மில்லிமீட்டரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: ஆடியில் ஒன்று, பங்குனியில் ஐந்து. இரண்டு வருடம் எழுதினால் உங்கள் கதவு எவ்வளவு மூச்சு விடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு கையில் இருக்கும்போது, பங்குனியிலும் இடம் இல்லை என்றால் மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். புதிதாகக் கதவு மாட்டுகிறவர்களுக்கும் இதுதான்: வேனிலில் மாட்டினால் நடுவில் மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள் நுழையும் இடம் விடுங்கள்.

அப்புறம் உருளை. உயரம் சரியான பிறகும் கழன்றால் கதவை இறக்கிப் பார்க்க வேண்டும். முழுதாக மடக்கி, இரண்டு பேர் பிடித்து, கீழ்க் குடுமி தகட்டை விட்டு வெளியே வரும்வரை தூக்குங்கள். அடிப்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்தால் தலைப்பக்கம் டிராக்கிலிருந்து தானாக இறங்கும். தேக்கு கனம் அதிகம், கண்ணாடி பதித்தது இன்னும் கனம். தனியாகச் செய்யாதீர்கள். உருளையை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அழுத்தினால் இறங்கி, கையை விட்டால் துள்ளி எழ வேண்டும். எழவில்லை என்றால் உருளையை மாற்றுங்கள். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள், முளையின் தடிமன் ஒவ்வொரு வகைக்கும் வேறு. டிராக்கின் ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, டிராக்கின் ஓர உதடு எங்காவது விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரிந்த உதட்டை இடுக்கியால் மெல்ல நெருக்கலாம்.

நம் ஊரில் எது கீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். டிராக்கில் அதை விடாதீர்கள். தூசியும் ஊதுபத்திச் சாம்பலும் சேர்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியை டிராக்கின் உள்பக்கம் தேயுங்கள். சிலிக்கான் ஸ்பிரே இருந்தால் அதுவும் நல்லது. பூஜை அறை என்பதால் சொல்கிறேன், மண்ணெண்ணெய் வாடை முழுதும் போன பிறகுதான் விளக்கேற்ற வேண்டும்.

கீல் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் பெரிய ஸ்க்ரூ போட அவசரப்பட வேண்டாம். துளையில் ஃபெவிகால் விட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக நறுக்கிப் பழைய ஸ்க்ரூவையே போடுங்கள். சாரல் காலமாக இருந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள். குடுமி இறங்குகிற இடத்தில் மரம் பிளந்திருந்தாலும் இதே போல்தான்: பிளவுக்குள் பசை போகும்படி விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி, முழுதும் காய்ந்த பிறகு துளையைப் புதிதாகப் போட வேண்டும்.

கதவை இறக்கியிருக்கும்போது தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே பாலிஷும் இருக்காது, பெயின்டும் இருக்காது. மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். நார் முனை திறந்திருப்பது அங்கேதான், தரையைக் கழுவும் தண்ணீரை மரம் குடிப்பதும் அங்கேதான். இப்போது ஈரத்தோடு பூச வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். மாசி, பங்குனியில் கதவு நன்றாகக் காய்ந்த பிறகு இறக்கி, மேலும் கீழும் இரண்டு கை வார்னிஷ் கொடுங்கள். எங்கள் கதவுக்கு அப்படிக் கொடுத்த அடுத்த ஆடியில் நடுச்சந்து முந்தைய வருடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நின்றது.

ஒன்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை: கதவு முழு மரமா, துகள் பலகையில் செய்து மேலே மரத்தோல் ஒட்டியதா? நான் மேலே சொன்ன மரக் கணக்கெல்லாம் முழு மரத்துக்குத்தான். துகள் பலகை தண்ணீர் குடித்தால் எல்லாத் திசையிலும் ஊதும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உப்பி, விரலுக்குப் பொடியாக உதிர்ந்தால் குடுமியைத் திருகிப் பலன் இல்லை. அந்த மடிப்பை மட்டும் முழு மரத்தில் செய்து வாங்கிப் பழைய கீலிலேயே மாட்டிக்கொள்ளலாம். மற்றவை நன்றாக இருந்தால் நாலையும் மாற்ற வேண்டியதில்லை.