பை வந்துவிட்டது, கடிதம் எங்கே?

கேள்வி: பழைய பிபிஎஸ் (கணினியில் ஓடும் மின் செய்திப் பலகை) ஒன்றை லினக்ஸ் கணினியில் மறுபடி இயக்க ஆரம்பித்திருக்கிறேன். பிபிஎஸ்கள் தங்களுக்குள் அஞ்சல் பரிமாறும் ஃபிடோநெட் வலையமைப்பில் நோட் எண்ணும் (என் கணினிக்கான முகவரி எண்) வாங்கிவிட்டேன். பிங்க்டி நிறுவி அப்லிங்க்கை (எனக்கு அஞ்சல் தரும் நோட்டை) கூப்பிட்டால் இணைப்பு கிடைக்கிறது, கோப்புகளும் இறங்குகின்றன. ஆனால் படிக்க ஒரு செய்திகூட இல்லை. நான் எழுதியதும் வெளியே போகவில்லை. ரவுட்டரில் போர்ட் திறக்காததுதான் காரணமா?

பதில்: போர்ட்டை விட்டுவிடுங்கள், அதில் கோளாறு இல்லை. பிங்க்டி பேசும் பிங்க்பி நெறிமுறைக்கு வழக்கமான போர்ட் 24554. மற்றவர்கள் உங்களைக் கூப்பிட வேண்டுமானால்தான் அதைத் திறக்க வேண்டும். நீங்களே அப்லிங்க்கைக் கூப்பிடும்போது ஒரே இணைப்பில் அஞ்சல் இரு பக்கமும் போய் வரும். கோப்பு இறங்குகிறது என்று நீங்கள் சொல்வதே இணைப்பு சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

உங்களிடம் குறைவது இன்னொரு மென்பொருள். பிங்க்டி ஒரு மெயிலர். அஞ்சல் பையை, அதாவது கடிதங்கள் அடங்கிய கோப்பை, வாங்கிக்கொண்டு வரும், பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. பையைப் பிரித்து ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய பகுதியில் (தலைப்புவாரியான செய்திப் பிரிவில்) போடுவது டாஸர் என்ற தனி நிரல். 1984-ல் டாம் ஜென்னிங்ஸ் ஃபிடோநெட்டைத் தொடங்கியபோது தொலைபேசியும் மோடமும்தான் இருந்தன. இரவில் குறித்த ஒரு மணி நேரத்துக்கு ஆட்களை உள்ளே விடாமல் கணினிகள் மட்டும் பேசிக்கொள்ளும். இணையம் வந்தபோது மாறியது பையைச் சுமக்கும் வழிதான். பை அப்படியே இருக்கிறது. அதனால்தான் இன்றும் இரண்டு வேலைக்கு இரண்டு நிரல்.

லினக்ஸில் நான் சிபாரிசு செய்வது ஹஸ்கி தொகுப்பில் உள்ள எச்பிடி என்ற டாஸர். படிக்கவும் எழுதவும் கோல்ட்எட். உங்கள் பிபிஎஸ் மிஸ்டிக் அல்லது சிங்க்ரோநெட் என்றால் டாஸர் அதனுடனேயே வரும், தனியாகத் தேடவேண்டாம்.

இரண்டு நிரலும் நேரில் பேசிக்கொள்வதில்லை. சில டைரக்டரிகள் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். பத்துக்கு எட்டுப் பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பேன்.

வரும் பக்கத்தை முதலில் பார்ப்போம். பிங்க்டிக்கு இரண்டு இன்பவுண்ட் (வரும் கோப்புகளுக்கான) டைரக்டரிகள் உண்டு: கடவுச்சொல் ஒத்துப்போன அழைப்புகளுக்கு ஒன்று, கடவுச்சொல் இல்லாத அழைப்புகளுக்கு ஒன்று. உங்கள் கோப்புகள் எதில் கிடக்கின்றன என்று பாருங்கள். இரண்டாவதில் கிடந்தால், பிங்க்டி அமைப்பில் அப்லிங்க்குக்கான வரியில் கடவுச்சொல் எழுதாமல் விட்டிருப்பீர்கள். அப்படி வந்த எக்கோமெயிலை (பகுதிகளில் எல்லோருக்குமாக வரும் பொதுச் செய்திகளை) எச்பிடி நம்பாது. பொட்டலத்தின் (கடிதங்களைக் கட்டிய ‘பிகேடி’ கோப்பின்) பெயர் முடிவை ‘எஸ்இசி’ என்று மாற்றி ஒதுக்கி வைத்துவிடும். முதலாவதில் கிடந்தால் நல்லது. எச்பிடியின் அமைப்பிலும் அதே பாதையைப் ‘பாதுகாப்பான இன்பவுண்ட்’ என்று கொடுத்து, பையைப் பிரிக்கும் டாஸ் கட்டளையை ஓட்டினால் போதும். அப்போதும் அசையாவிட்டால் இரண்டு சந்தேகங்கள். பிங்க்டி ஒரு பயனர் பெயரிலும் எச்பிடி இன்னொன்றிலும் ஓடி, கோப்பைத் தொட அனுமதி இல்லாமல் போயிருக்கலாம். அல்லது பை சுருக்கப்பட்டிருந்து, அதை விரிக்கும் அன்ஜிப் நிரல் கணினியில் இல்லாமல் இருக்கலாம். சுருக்கிய பையின் பெயர் முடிவு கிழமையைச் சொல்லும்: திங்கள் என்றால் ‘எம்ஓ’, செவ்வாய் என்றால் ‘டியூ’, பக்கத்தில் ஓர் எண். அதைக் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு.

கடவுச்சொல் ஒன்றல்ல, மூன்று. அழைப்புக்கு ஒன்று, பொட்டலத்துக்கு ஒன்று, எந்தப் பகுதிகள் வேண்டும் என்று கேட்டு வாங்க அப்லிங்க்கில் இருக்கும் ஏரியாஃபிக்ஸ் நிரலுக்கு ஒன்று. மூன்றையும் அப்லிங்க்கிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் தலைப்பில் கடவுச்சொல்லுக்கு ஒதுக்கிய இடம் 8 எழுத்துதான். நான் ஒருமுறை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 12 எழுத்தில் ஒன்று வைத்தேன். அழைப்பு கச்சிதமாக நடந்தது, பொட்டலம் மட்டும் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. காரணம் புரிய ஒரு முழு மாலை போயிற்று.

அடுத்து போகும் பக்கம். கோல்ட்எட்டில் எழுதிச் சேமித்ததும் செய்தி கிளம்பிவிடும் என்று நினைக்காதீர்கள். எச்பிடியின் ஸ்கேன் கட்டளை அதை எடுத்துப் பொட்டலம் கட்டி அவுட்பவுண்ட் (போகும் அஞ்சலுக்கான) டைரக்டரியில் வைக்க வேண்டும். பொட்டலம் யாருக்கு என்பதைப் பெயர்தான் சொல்கிறது: பெறுபவரின் ஃபிடோநெட் முகவரியில் உள்ள வலை எண்ணும் நோட் எண்ணும் பதினாறடிமானத்தில் நான்கு நான்கு இலக்கமாக. வலை 100, நோட் 20 என்றால் 00640014. உங்கள் மண்டலத்துக்கான (முகவரியின் முதல் எண் குறிக்கும் பெரும் பிரிவுக்கான) அஞ்சல் அவுட்பவுண்ட் டைரக்டரியிலேயே இருக்கும். வேறு மண்டலம் என்றால் அதே பெயரோடு புள்ளியும் மூன்று இலக்க மண்டல எண்ணும் சேர்ந்த டைரக்டரிக்குப் போகும். ஆகவே பாதை, மண்டல எண் இரண்டும் இரு அமைப்புகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்பிடி ஓரிடத்தில் வைக்கும், பிங்க்டி வேறிடத்தில் தேடும், இருவரும் பிழை எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரு பொட்டலம் ‘ஹோல்ட்’ (எதிர்முனை கூப்பிடும்வரை வைத்திரு) வகையில் கட்டப்பட்டிருந்தால் பிங்க்டி அதற்காகத் தானாகக் கூப்பிடாது என்பதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு அப்லிங்க்கின் ஏரியாஃபிக்ஸுக்கு ஒரு நெட்மெயில் (ஒருவருக்கு மட்டும் போகும் கடிதம்) எழுதுங்கள். பெறுநர் ஏரியாஃபிக்ஸ், பொருள் வரியில் அதன் கடவுச்சொல், உள்ளே சதவீதக் குறியுடன் லிஸ்ட் என்ற ஒரு சொல். பட்டியல் திரும்பி வந்தால் போவதும் வருவதும் ஒரே சோதனையில் தேறிவிட்டன. அப்புறம் வேண்டிய பகுதியின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு அனுப்பினால் அது வரத் தொடங்கும். ஆசைப்பட்டு ஐம்பது பகுதிகளை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். சோதனைக்கென்றே உள்ள ஒரு பகுதி போதும். தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் எடிட்டரில் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் பழைய மென்பொருள் இருந்தால் அவர்களுக்குக் கேள்விக்குறியும் கட்டமுமாகத்தான் தெரியும், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

தானியங்கியாக்குவது சுலபம். கோப்பு வந்ததும் ஒரு கட்டளையை ஓட்ட பிங்க்டியிலேயே ‘எக்ஸெக்’ வரி உண்டு. அதில் டாஸ் கட்டளையைப் போடுங்கள். ஸ்கேனை, குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் கிரானில் வைக்கலாம். ஆனால் ஒரு வாரமாவது கையால் ஓட்டிப் பதிவேட்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

இதுவரை இறங்கிக் கிடக்கும் கோப்புகளை அழிக்கவேண்டாம். ‘எஸ்இசி’ ஆனவற்றின் முடிவைப் பழையபடி ‘பிகேடி’ என்று மாற்றி, பாதுகாப்பான இன்பவுண்டுக்கு நகர்த்தி, டாஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். இத்தனை நாள் வந்த செய்திகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.