கொல்லையில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் எரிச்சல்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 41. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கணவர் புதுச்சேரியில் தனியார் கம்பெனி ஒன்றில் மேனேஜர். மகன் பிளஸ் ஒன் முடித்திருக்கிறான், மகள் எட்டாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

நடுவீரப்பட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரிக் கொல்லை இருக்கிறது. 2011 தானே புயலில் மரமெல்லாம் வேரோடு சாய்ந்தபோது, மாமா ஒட்டுக்கன்று வாங்கி மறுபடியும் வைத்து வளர்த்தார். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. கொல்லை நடுவில் அவர் கட்டிய ஓட்டு வீடு. கரண்ட் கிடையாது. ஒரு சோலார் பேனலில் இரண்டு பல்பு எரியும், அவ்வளவுதான். தண்ணீர் பக்கத்துக் கொல்லை மோட்டாரில் பிடித்து வர வேண்டும். கழிப்பறை இல்லை.

கோடை விடுமுறைக்கு எல்லாரும் அங்கே போய்த் தங்கலாம் என்றார் இவர். போய் இறங்கியதும் எல்லார் போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். முத்தியால்பேட்டையில் என் அம்மா இதய நோயாளி, தனியாக இருக்கிறார். 'ஒன்றும் ஆகாது, நிம்மதியா இரு' என்றார்.

பொய் சொல்லக் கூடாது, அவர் அங்கே வேறு ஆளாகத்தான் இருந்தார். கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் போட்டுத் தூங்கினார். முந்திரிக்கொட்டையைத் தகரத்தில் கொட்டிச் சுட்டார். ஓட்டிலிருந்து எண்ணெய் தெறித்துத் தீ குப்பென்று எழும்பும். முதல் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த பையன், நீளக் குச்சியால் கிளறிக்கொண்டு அப்பாவோடு சிரித்தான். எனக்கோ அந்த எண்ணெய் பிள்ளை கையில் பட்டுக் கொப்பளித்துவிடுமே என்ற பயம். அப்புறம் கரியைக் கழுவியதும் நான்தான். விறகடுப்பில் மூன்று வேளை சமையல், குடத்தில் தண்ணீர், இருட்டுமுன் பாத்திரம் கழுவி முடிப்பது, ராத்திரி வெக்கையில் விசிறி. அத்தை, 'நாங்கல்லாம் இப்படித்தான் இருந்தோம்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மகளுக்கு அந்த நேரம் பார்த்து மாதவிலக்கு. சாயங்காலம் ஆனதும் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள், இருட்டில் வெளியே போக வேண்டி வருமே என்று. நானும் அப்படித்தான் செய்தேன்.

கிளம்புகிற அன்று இவர், 'மாசம் ஒருதடவை வருவோம், ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துடலாம்' என்றார். பிள்ளைகள் முன்னாலேயே, 'நான் வரமாட்டேன்' என்று கத்திவிட்டேன். 'நீ போனுக்கு அடிமை, கவுன்சிலிங் போ' என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன். அமைதியான இடத்தில்கூட நிம்மதியாக இருக்கத் தெரியாத எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு கவலை, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது. ரீல்ஸ் பார்க்க முடியவில்லை, வாட்ஸாப் இல்லாமல் கை நடுங்கியது என்று எங்கேயும் இல்லை. போனுக்கு அடிமையானவர்களின் கடிதம் வேறு மாதிரி இருக்கும். தனியாக இருக்கும் இதய நோயாளியின் மகள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க நினைப்பது கோளாறு இல்லை.

உங்கள் எரிச்சலுக்குக் காரணம் அமைதியும் இல்லை. வீட்டில் மின்சாரம் ஓசையில்லாமல் நிறைய வேலையைச் செய்துவிடுகிறது. மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது, மிக்ஸி அரைக்கிறது, பிரிட்ஜ் நேற்றைய குழம்பைக் காப்பாற்றுகிறது. கரண்ட் இல்லாத இடத்துக்குப் போனால் அந்த வேலைகள் மறைந்துவிடுவதில்லை, யாரோ ஒருவர் கைக்கு வருகின்றன. உங்கள் குடும்பத்தில் அந்தக் கை யாருடையது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது. இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஒன்றிய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சொந்த வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். விறகடுப்பும் குடமும் வந்தால் அந்த 299 எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இயற்கையான இடங்கள் களைத்த மனதைத் தேற்றுவது எப்படி என்று ஆராய்ந்தவர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியல் தம்பதி. மரமும் காற்றும் இருந்தால் மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. அன்றாடப் பொறுப்புகளிலிருந்து மனம் விலகியிருக்க வேண்டும், அந்த இடம் நம்மிடம் கேட்பதும் நாம் அங்கே செய்ய விரும்புவதும் ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். உங்கள் கணவருக்கு இரண்டுமே கிடைத்தன. நீங்கள் அதே அடுப்படியை, இன்னும் கஷ்டமான வடிவில், கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. புயலில் சாய்ந்த கொல்லையைத் திரும்ப எழுப்பிய அப்பா போய் இரண்டு வருஷம். அந்த மரத்தடியில் அவர் தூங்கியதில் ஓய்வு மட்டும் இல்லை, அப்பாவின் பக்கத்தில் இருப்பதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'வரமாட்டேன்' என்று நீங்கள் கத்தியபோது, அவர் காதில் அது அப்பாவை வேண்டாம் என்றது போல விழுந்திருக்கலாம். கவுன்சிலிங் போ என்று அவர் சொன்னது அந்த அடியில் வந்த வார்த்தையாக இருக்கலாம். (கவுன்சிலிங்கை வசவாகப் பயன்படுத்துவது எங்கள் தொழிலுக்கு நல்ல விளம்பரமில்லை என்பது வேறு விஷயம்.)

ஆகவே பேச்சைக் கொல்லையிலிருந்து தொடங்காதீர்கள், மாமாவிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, 'அங்கே உங்களுக்கு மாமா ஞாபகம் வந்துச்சா?' என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கட்டும். அப்புறம் சொல்லுங்கள்: 'எனக்கும் அந்த இடம் வேணும். ஆனா அங்கே நீங்க ஓய்வெடுத்தீங்க, நான் வேலை பார்த்தேன். பொண்ணு பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்கல.' கடைசி வரி அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் அந்த டப்பாவை விட அதுதான் அவர் மனதில் நிற்கும்.

கழிப்பறை கட்டும்வரை அங்கே ராத்திரி தங்குவதில்லை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரட்டைக் குழிக் கழிப்பறைக்குக் கரண்டும் வேண்டாம், சாக்கடை இணைப்பும் வேண்டாம். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்பிவிடலாம். மூடி வைத்த குழியில் இருப்பது காலப்போக்கில் மட்கி உரமாகும், அவருடைய முந்திரிக்கே போடலாம். கிணறோ போரோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக் குழி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் காலையில் போய் சாயங்காலம் திரும்புங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து நடுவீரப்பட்டு அப்படியொன்றும் தூரமில்லை. மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், விறகடுப்பு வேண்டுமென்றால் அதில் அவரும் பையனும் சமைக்கட்டும். பழிவாங்கலாகச் சொல்லவில்லை. கொட்டை சுட்ட கைகளுக்குச் சோறு வடிக்கவும் வரும். தகரத்தைக் கழுவவும் வரும்.

போன் விஷயத்தில் ஒரு எடுத்துக்காட்டு. ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் இருக்கும் பெரிய கிண்ணம், வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவதற்காக அமைத்தது. அங்கேயே, வெயில் போதாத நாளுக்கு என்று டீசல் கொதிகலனும் வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் கொள்கை கெட்டுவிடவில்லை. நீங்களும் ஒரு சாதாரண பட்டன் போனை ஆன் செய்து வையுங்கள், அந்த நம்பரை அம்மாவுக்கும் அவர் பக்கத்து வீட்டாருக்கும் மட்டும் கொடுங்கள். மற்ற போன்கள் டப்பாவுக்குள் கிடக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பையனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. போனைப் பிடுங்கிய முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அந்த வயதுக்கு இயல்பு. தீயும் குச்சியும் கிடைத்ததும் சிரித்தானே, அது நல்ல அறிகுறி. அடுத்த முறை பிடுங்காமல், முன்கூட்டியே பேசி அவனே போடும்படி செய்தால் அந்த முதல் நாள் சண்டையும் இருக்காது.

ரிட்டயர் ஆனதும் அங்கேயே குடிபோவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'முதல்ல பாத்ரூம் கட்டுங்க, அப்புறம் பேசலாம்' என்றால் போதும்.

இந்த வாரமே மகளிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வைத்தால் தொற்று வர வாய்ப்பு அதிகம். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, அடிக்கடி போக வேண்டும் போலத் தோன்றுவது, காய்ச்சல் என்று எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களும் அப்படித்தான் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.