சப்வூஃபர் வாங்கியும் பேஸ் சரியாக வராதது ஏன்?
சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த, கனமான ஒலிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கியும் சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை, அறை மூலைக்குப் போனால் காதை அடைக்கிறது என்கிறீர்கள்; சப்வூஃபரைத் திட்டாதீர்கள், இது பெரும்பாலும் அறையின் வேலை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 8.5 மீட்டர், அது சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைய உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். அப்புறம் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை வைக்கும் அமைப்பு) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபரின் அலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக மாற்றும் சுவிட்ச்) 0, 180 டிகிரி இரண்டிலும் போட்டுப் பார்த்து, சோபாவில் எது கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். வால்யூமா? சப்வூஃபர் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் அதிகம், குறைத்துவிடுங்கள்.