கடலில் குளித்துவிட்டு மலைக்கு

கே: கடற்கரையில் இரண்டு நாள், பிறகு 2,000 மீட்டர் உயர மலை ஊரில் இரண்டு நாள். ஸ்வெட்டர் தேவையா?

ப: கட்டாயம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 32 என்றால் மேலே பகலிலேயே 19 தான். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு அடுக்கு மேல். டிக்கியின் அடியில் புதைக்காமல் கைப்பையில் வையுங்கள். சன்ஸ்கிரீனைக் கடலோடு விட்டுவிடாதீர்கள்: குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் புற ஊதாக் கதிர் மேலே அதிகம்.

கே: காலையில் ஸ்கூபா டைவிங், மதியம் மலைக்குப் புறப்படலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் கரைந்த வாயு குமிழாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம்கூட. விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளியையே இங்கும் வையுங்கள்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல என்றால் 18. நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயில் மூச்சுவிடும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை. மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்கினால் தொல்லையே இல்லை. ஏனோ யாரும் அப்படித் திட்டமிடுவதில்லை!

கே: மலையிறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை வருகிறதே?

ப: காலை எடுக்காமல் மிதித்ததால் சூடேறிவிட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணலாகும். பிறகு இரண்டாம் கியரில் இறங்குங்கள்; மிதி கீழே போய்ப் பிடிக்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.