செம்மண் பொட்டல் காடாக: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. திண்டிவனம் பக்கம் 2 ஏக்கர் செம்மண் பொட்டல் இருக்கிறது. ஆவாரையும் விராலியும் தவிர ஒன்றுமில்லை. இந்த ஐப்பசிக்கு எத்தனை கன்று வைக்கலாம்?

முதல் வருஷம் ஒன்றும் வைக்காதீர்கள். வேலியடைத்து ஆட்டை நிறுத்துங்கள், ஒரு வடகிழக்குப் பருவமழை போகட்டும். களா, காரை, காயா போன்ற உள்ளூர்க் காட்டுச் செடிகளின் பழைய வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருக்கலாம். மேய்ச்சல்தான் அவற்றைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கும். வேர் ஏற்கெனவே கீழே போயிருப்பதால், நாற்றங்கால் கன்றைவிட இந்தத் துளிர் விரைவாக எழும்.

அதற்குள் வரப்பு வேலையை முடியுங்கள். மழை அடித்தால் செம்மண் மேற்பரப்பு இறுகிவிடும். தண்ணீர் இறங்காது, விதையும் அடித்துப்போகும். சரிவுக்குக் குறுக்கே, டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, முழ உயரத்துக்கு வரப்பு போடுங்கள். மிச்சத் தண்ணீர் வழியக் கல் பதித்த கலங்கல் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஒரு வரப்பு உடைந்தால் கீழே உள்ளவையும் வரிசையாக உடையும்.

ஆவாரையையும் விராலியையும் "சுத்தம்" செய்துவிடாதீர்கள். அவைதான் முதல் நிழல்.

கேள்வி: ஆரோவில்லில் ஆஸ்திரேலிய அகேசியா வைத்துத்தானே காடு வளர்க்க ஆரம்பித்தார்கள்? நானும் வைக்கலாமா?

அகேசியா ஆரிக்குலிஃபார்மிஸ் பொட்டலிலும் பிடிக்கும், வேர்முடிச்சில் நைட்ரஜன் சேர்க்கும், சீக்கிரம் நிழல் தரும். ஆனால் தானே விதைத்துப் பரவும், கிளை முறியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது இவை ஏராளமாகச் சாய்ந்தன. அடியில் உள்ளூர்க் கன்று இருந்தால் விழுந்த மரம் அதற்கு வெளிச்சம் விடும். இல்லையென்றால் அகேசியாவே மறுபடி முளைக்கும். நிழலுக்கும் நைட்ரஜனுக்கும் நம் உசில் மரம் போதும்.

கேள்வி: வீரை, உலக்கைப்பாலை போன்ற காட்டு மரங்கள் எல்லாம் எப்போது தானாக வரும்?

பக்கத்தில் கோயில்காடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. புத்துப்பட்டு அய்யனார் காடு போல ஒன்று அருகில் இருந்தால், சின்னான், குயில் போன்ற பறவைகள் பழம் தின்று எச்சத்தில் விதை கொண்டுவரும். அவை உட்காரக் காய்ந்த கிளைகளை நட்டு வையுங்கள். காடு தொலைவில் இருந்தால் விதையை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

காயா விதையை நெல் போலக் காயவைத்துச் சேமித்தால் செத்துவிடும். சதையைக் கழுவிவிட்டு அந்த வாரமே விதையுங்கள். கன்றை விராலிப் புதரின் ஓர நிழலில், 2 அடிக் குழியில் வைத்து, மண்ணின் மேல் இலைதழை பரப்பி மூடாக்கு போடுங்கள். பையில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த கன்றை வாங்கவே வேண்டாம். ஆணிவேர் சுருண்டிருக்கும், பின்னால் காற்றுக்குச் சாயும்.

கேள்வி: முன்னோடிச் செடி வந்தாலே அடுத்த கட்டம் வந்துவிடும் என்று பாடத்தில் படித்தோமே?

எப்போதும் இல்லை. 1977இல் கானல், ஸ்லாட்டியர் என்ற சூழலியலாளர்கள் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள்: முதலில் வந்தது அடுத்ததற்கு இடம் பண்ணித் தரலாம், முதல் செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிந்தியது நிழலைத் தாங்கி மேலேறலாம், அல்லது முதலில் வந்தது பிறரை உள்ளே விடாமலே இருக்கலாம். சீமைக்கருவேலம் பெரும்பாலும் மூன்றாவது ரகம்.

கேள்வி: சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு ஒரே நாளில் எடுத்துவிடலாமா?

மொத்தமாகக் கிளறினால் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் வெயில் பட்டு முளைக்கும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் அந்த மழைக்கே நடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் தழையும். மொட்டுகள் வேர்க்கழுத்தில் இருப்பதால் ஓரடி ஆழம் தோண்டி எடுக்க வேண்டும். காய் பழுக்கும் முன் முடியுங்கள், ஆடுமாடு தின்றால் சாணத்தில் பரவும்.

கேள்வி: கொடைக்கானல் மேட்டுப் புல்வெளியில் இதே முறையில் மரம் வளர்க்கலாமா?

வேண்டாம். அந்தப் புல்வெளி காடாகாமல் நின்றுபோன பொட்டல் இல்லை, சோலை என்ற மலைக்காட்டுக்குப் பக்கத்தில் அதுவே ஒரு முழு வாழிடம். அங்கே வேலை, வெளியிலிருந்து புகுந்த வாட்டில் என்ற அகேசியா வகை மரத்தின் கன்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குவது.