காரில் தண்ணீர் டப்பாவைப் பூட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2016 வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. வாரம் மூன்று தடவை மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் வருகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட் பூட்டினால் 40 சதவீதம் மிச்சம் என்கிறார்கள், விலை 16,500. ஓட்டியும் காட்டினார்கள், 28 வந்தது. 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பூட்டலாமா?"

வேண்டாம். 2,000 போனால் போகட்டும், மீதி 14,500 உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அந்த 28 எங்கே வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பந்தயம் கட்டுகிறேன், மேட்டுப்பாளையம் போகும் வழியில் பர்லியார் பக்கம் இறக்கத்தில்தான் ஓட்டிக் காட்டியிருப்பார்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 சொச்சம். உங்களுடையது போல, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். அந்த இறக்கத்தில் கிட்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தாலும் 28 வந்திருக்கும். திரும்ப ஏறி வரும்போது டிரிப் மீட்டரைப் பார்த்தீர்களா? அவர்கள் பார்க்க விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வித்தை, கிட் பூட்டுகிற அன்றே ஏர் ஃபில்டர் மாற்றி, பிளக் மாற்றி, டயருக்குக் காற்று அடித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக்கையும் சரிசெய்து கொடுப்பார்கள். மைலேஜ் ஒன்றிரண்டு கூடும், பெயர் டப்பாவுக்குப் போகும். இதைச் சிபாரிசு செய்யும் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு. என்னிடமும் ஒருவர் வந்தார், ஒரு வண்டிக்கு 3,000 தருகிறேன் என்றார். பெட்ரோல் உண்மையிலேயே மிச்சமாகிற பொருளை விற்க எனக்கு எதற்கு 3,000?

சரி, டப்பாவுக்குள் என்ன நடக்கிறது? மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறார்கள், இதில் பொய் இல்லை. ஆனால் அந்த மின்சாரம் வருவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலிருந்து, ஆல்டர்நேட்டரைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜின் குடிப்பது உங்கள் பெட்ரோல். 15 ஆம்பியர் இழுக்கும் ஆறு செல் கிட் ஒரு மணி நேரத்தில் சுமார் மூன்றரை கிராம் ஹைட்ரஜன் தரும். அதிலுள்ள சக்தி கிட்டத்தட்ட 13 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அதை உண்டாக்க இன்ஜின் எரிப்பது 100 மில்லிக்கும் மேல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இதுபோல பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சாமான்களைச் சோதித்துப் பார்த்தது, சொல்லும்படி மைலேஜ் கூட்டியது ஒன்றுமில்லை. நம் ஊரிலும் 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று ஊரே வாயைப் பிளந்து, கடைசியில் மோசடி என்று ஆனது ஞாபகம் இருக்கும்.

கிட்டோடு தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் பெட்டியும் தருவார்கள், "சென்சார் செட்டிங்" என்பார்கள். எனக்கு அதுதான் பயம். சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி, பெட்ரோலைக் குறைக்க வைக்கும் வேலை அது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திணறி ஏறுகிற இன்ஜினுக்கு அளவு குறைந்தால் சூடு ஏறும், வால்வு தீயும். மின்சாரம் பாய்வதற்காகத் தண்ணீரில் கலக்கும் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் அலுமினியத்தை அரிக்கும்.

"என் நண்பரின் பழைய மாருதி 800-ல் பூட்டிப் பலன் தெரிந்ததே" என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அது கம்ப்யூட்டர் இல்லாமல், கார்புரேட்டர் என்ற சாமானே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வண்டியாக இருக்கும். கீழ்நாட்டில் செட் பண்ணிய கார்புரேட்டர் ஊட்டிக்கு ஏறினால், அங்கே காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால், பெட்ரோல் அதிகமாகக் கலந்து புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும். அதில் இந்த டப்பாவின் ஹோஸைச் சொருகினால் ஹோஸ் வழியாகக் கூடுதல் காற்றும் நுழைகிறது, கலவை சரியாகிறது, மைலேஜ் ஏறுகிறது. ஹைட்ரஜனுக்கு அதில் பங்கில்லை, காற்றுதான் காரணம். அதே பலனை பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றி, ஸ்க்ரூவைத் திருப்பி, சில நூறு ரூபாயில் எந்தப் பழைய மெக்கானிக்கும் தருவார். உங்கள் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது, அதனால் இந்தக் கதையும் உங்களுக்குப் பொருந்தாது.

கேஸ் கிட் பூட்ட அனுமதி வேண்டும், ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், சைலன்சர் மாற்றினால் அபராதம். வெடிக்கக்கூடிய வாயுவைப் பானட்டுக்குள் தயாரிக்கும் டப்பாவை மட்டும் செக்போஸ்ட்டில் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, வண்டியின் தகுதியைச் சோதிக்கும் எஃப்சி-யில்கூட "இது என்ன?" என்று கேட்பதில்லை. நாளைக்குத் தீப்பிடித்தால் முதலில் கேட்பது இன்சூரன்ஸ்காரர்தான், அதுவும் பணம் தராமலிருக்க.

மலையில் வேகன் ஆருக்கு 12 என்பது அப்படியொன்றும் மோசமில்லை. டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். சமதரையில் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரல் போடவே போடாதீர்கள், பிரேக்கும் போகும், கியரில் இறங்கினால் மிச்சமாகிற பெட்ரோலும் போகும். கணக்குப் பார்ப்பதென்றால் ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பி, போய்த் திரும்பி வந்து, அங்கேயே மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

அட்வான்ஸுக்கு ரசீது இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ரசீது தந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.